விளம்பரமும் விலகலும்

நுழையும்முன்

கடைவீதியில் நடக்கும்போதும் நாளிதழைப் புரட்டும்போதும் கைப்பேசியைத் திறக்கும்போதும் விளம்பரங்கள் நம்மை நோக்கி வருகின்றன. வருபவற்றுள் பெரும்பாலானவற்றை நாம் பார்ப்பதில்லை. பார்த்தாலும் நினைவில் கொள்வதில்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரங்களைக் கண்ணாடி அணிந்துகொண்டு வரிவிடாமல் படிக்கும் பெரியவர்களையும் நாம் அறிவோம். ஒரே மனிதர் ஓரிடத்தில் விளம்பரத்தைத் தேடுவதும் வேறோரிடத்தில் அதனை விட்டு விலகுவதும் ஏன்? மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

‘விளம்புதல்’ என்னும் வினைக்குச் சொல்லுதல், பலரறியச் செய்தல் என்பன பொருள்கள். உணவு பரிமாறுதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. விளம்பரத்தைப் பற்றிச் சிந்திக்க இவ்விரண்டாம் பொருள் பெரிதும் துணைசெய்யும். விருந்துப் பந்தியில் அமர்ந்திருப்பவர், ‘போதும்’ என்பதைச் சொல்லாலன்றிச் செயலாலும் தெரிவிப்பார். இலைக்குமேல் கையை விரித்து மறைப்பார். பரிமாறுபவரும் அதனைப் புரிந்துகொண்டு அடுத்த இலைக்குச் செல்வார். விருந்தளிப்பவர்மீது உண்பவருக்கு வெறுப்பு ஏதுமில்லை; உணவும் தீயதன்று. அவருக்கு வேண்டிய அளவு முடிந்துவிட்டது, அவ்வளவே. விளம்பரத்தைத் தவிர்க்கும் மனிதரும் பெரும்பாலும் இவ்வாறு இலைமேல் கை வைப்பவரே. அக்கையை மதிக்கும் ஊடகம் எது, மீறும் ஊடகம் எது என்பதைக் கண்டறிந்தால் நம் வினாவிற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பொற்கடை வீதியின் கொடிகள்

மதுரைக்கு விளம்பரம் புதிதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நாளங்காடியும் அல்லங்காடியும் கொண்ட இந்நகரில் பலவகைக் கொடிகள் பறந்ததைக் காட்டுகிறது. விழாவிற்கெனக் கொடி, வெற்றிக்கெனக் கொடி, கள் விற்குமிடத்தை அறிவிக்கவும் ஒரு கொடி. எழுத்தறியாதவரும் தொலைவிலிருந்தே கண்டறியத்தக்க அறிவிப்பு முறை அது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை இன்னும் நுட்பமான ஒரு காட்சியைத் தருகிறது. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டு, கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகளின் குற்றமும் நிறையும் அறிந்த வணிகர் வாழும் வீதி, துணிகள் அடுக்கிய வீதி, கூலங்கள் குவிந்த வீதி என ஒவ்வொன்றாகக் கடக்கிறான். பொற்கடை வீதியில் வணிகர் கொடி எடுத்திருக்கின்றனர். ஆடகம், கிளிச்சிறை, சாம்பூநதம், சாதரூபம் எனப் பொன் நால்வகைப்படும். எந்தக் கடையில் எந்தப் பொன் கிடைக்கும் என்று தெரியாமல் வாங்க வருவோர் கலங்குவர். அக்கலக்கத்தை நீக்குவதற்காகவே அக்கொடிகள் எடுக்கப்பட்டன என்கிறார் இளங்கோவடிகள்.

இக்குறிப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அந்தக் கொடி பொன் வாங்க வந்தவருக்குரியது. அவருக்கு அப்போது தேவையான ஒரு செய்தியை மட்டுமே அது சொன்னது. கூலம் வாங்க வந்தவரைப் பின்தொடர்ந்து அது கூல வீதிக்குச் செல்லவில்லை. வாங்குவோர் கலக்கத்தைத் தீர்ப்பது விளம்பரத்தின் பணி என்னும் இக்கருத்து, இன்றைய விளம்பரக் கல்வி நூல்களில்கூட இத்துணைத் தெளிவாகச் சொல்லப்படுவது அரிது. பொன்னின் வகையை உள்ளவாறு அறிவித்த அதே நகரில்தான் பொற்கொல்லன் ஒருவனின் பொய்யுரை கோவலனின் உயிரைக் கொண்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மெய்யான அறிவிப்பும் பொய்யான சொல்லும் ஒரே கடைத்தெருவில் அருகருகே இருந்திருக்கின்றன.

விலகும் வழிகள்

மக்கள் விளம்பரத்தை எவ்வாறு தவிர்க்கின்றனர்? ஸ்பெக், எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, நாளிதழ், பருவ இதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகிய நான்கு ஊடகங்களை எடுத்துக்கொண்டு, தவிர்த்தலை மூவகையாகப் பகுத்தது. கண்ணெதிரே விளம்பரம் இருந்தும் கருத்தைச் செலுத்தாதிருத்தல் ஒருவகை. எழுந்து வேறிடம் செல்லுதல், பக்கத்தைப் புரட்டுதல் போன்ற செயல்கள் மற்றொரு வகை. கருவியைக்கொண்டு ஒலியை அடக்குதலும் அலைவரிசையை மாற்றுதலும் மூன்றாம் வகை.

இவற்றுள் முதல்வகையே மிகப் பரவலானது. வெளியில் தெரியாததும் அதுவே. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் மேலூர் செல்லும் பேருந்தைத் தேடி ஓடுபவரைக் கவனியுங்கள். அவர் கண்முன்னே நகைக்கடை, துணிக்கடை, கல்வி நிறுவனம் என எத்தனையோ விளம்பரப் பலகைகள் இருக்கின்றன. அவருடைய கண் பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயரை மட்டுமே நாடுகிறது. பேருந்தில் ஏறி அமர்ந்து, அது புறப்படக் காத்திருக்கும்போது அதே பலகைகளை அவர் ஒன்றுவிடாமல் படிக்கவும் கூடும். பலகையும் அதுவே, மனிதரும் அவரே. மாறியது அவருடைய நோக்கம்.

இணைய விளம்பரங்களை ஆராய்ந்த சோ, சியோன் என்போர் 2004-இல் கண்டறிந்ததும் இதனோடு ஒத்துப்போகிறது. ஒருவர் மேற்கொண்ட செயலுக்கு விளம்பரம் இடையூறாக இருக்கிறது என்னும் உணர்வே அதனைத் தவிர்ப்பதற்கான தலையாய காரணம் என்றனர் அவர்கள். மிகுதியான விளம்பரங்களின் நெரிசலும் முன்னர் ஏமாந்த பட்டறிவும் பிற காரணங்கள். ‘இதைப் பார்த்தே தீரவேண்டும்’ என்று கட்டாயப்படுத்தும்போது மனிதமனம் எதிர்த்திசையில் செல்கிறது என்பதை ஜாக் பிரெம் என்னும் உளவியலாளர் 1966-இலேயே ஒரு கோட்பாடாக வகுத்திருந்தார். பள்ளி மாணவர்க்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தாளும் வானொலியும்

நாளிதழ் விளம்பரம் படிப்பவரின் விருப்பத்திற்கு இடம் தருவது. அது ஒலியெழுப்பாது, அசையாது, படிப்பவரைக் காக்கவைக்காது. 1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய இந்தியாவின் முதல் செய்தித்தாள், தன் பெயரிலேயே ‘விளம்பரதாரர்’ என்னும் சொல்லையும் தாங்கி வந்தது. கப்பல் புறப்படும் நாளும் விற்பனைக்கு வரும் பொருளும் அக்காலத்து வாசகர்க்குச் செய்தியைப்போலவே தேவைப்பட்டன. சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கியபோது, எளிய மக்களும் செய்தித்தாள் படிக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் பரவத் தொடங்கியது. தேநீர்க்கடையின் ஒரே தாளைப் பலர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிக்கும்போது, விளம்பரப் பக்கம் கிடைத்தவரும் சலிப்பின்றிப் படித்தார். மணமகள் தேவை, வீட்டுமனை விற்பனைக்கு, ஆட்கள் தேவை என்பவை தேடிப் படிக்கப்படுபவை. இவை பொற்கடைக் கொடியின் வழித்தோன்றல்கள். முதற்பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டு விளம்பரம் வரும் நாளிலோ, அதே வாசகர் அதனைப் பார்க்காமலே புரட்டிவிடுகிறார்.

வானொலியின் கதை வேறு. காதுக்கு இமையில்லை, அடுத்த பக்கத்திற்குத் தாவவும் இயலாது. அவ்வாறாயின் வானொலி விளம்பரத்தை மக்கள் மிகுதியாக வெறுத்திருக்க வேண்டுமே? மதுரைச் சமவெளியின் பட்டறிவு அவ்வாறு சொல்லவில்லை. இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியது. திரைப்பாடல்களைக் கேட்பதற்காகத் தமிழ்நாட்டு மக்கள் அதனை நாடினர். நம் நாட்டு அகில இந்திய வானொலியின் விவிதபாரதி 1957-இல் தொடங்கப்பட்டாலும், 1967-இல்தான் அதில் வணிக விளம்பரங்கள் இடம்பெற்றன. ஆகவே தமிழ் வானொலி விளம்பரம் என்னும் கலை கடல்கடந்த கொழும்பிலிருந்தே நமக்கு முதலில் அறிமுகமாயிற்று எனலாம். மதுரையில் உருவான கோபால் பல்பொடி, கொழும்பு வழியாகச் சுற்றிவந்து மீண்டும் மதுரை வீடுகளின் வானொலிப் பெட்டியில் ஒலித்தது. பல நாடுகளின் பெயர்களை அடுக்கிச் சொன்ன அவ்விளம்பரத்தை அக்காலத்தில் சிறுவராய் இருந்தோர் இன்றும் ஏற்ற இறக்கம் மாறாமல் சொல்லிக் காட்டுவர்.

அதனை அவர்கள் ஏன் தவிர்க்கவில்லை? சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் பெண்களும் தறியில் அமர்ந்தவர்களும் முடிதிருத்தகத்தில் காத்திருந்தவர்களும் கையால் ஒரு வேலையைச் செய்துகொண்டே கேட்டனர். விளம்பரம் அவர்களுடைய வேலையைத் தடுக்கவில்லை. பாடலுக்கும் பாடலுக்கும் இடையே சில நொடிகளில் அது முடிந்தது. அறிவிப்பாளரின் தெளிந்த தமிழ், விளம்பரத்தையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக்கிற்று. பாடல்களை இலவசமாகக் கேட்பதற்கு ஈடாக இதனையும் கேட்கிறோம் என்னும் எழுதப்படாத உடன்பாடு ஒன்று இருந்தது. அவ்வுடன்பாட்டில் கொடுப்பதும் பெறுவதும் பெரும்பாலும் சமமாக இருந்தன.

அரங்கின் இருளும் வீட்டின் திரையும்

இந்தச் சமநிலை குலையும்போது என்ன நேரும் என்பதைத் திரையரங்கம் காட்டுகிறது. 1952-இல் ‘பராசக்தி’ திரைப்படத்துடன் மதுரையில் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ஆசியாவின் மிகப்பெரிய அரங்கு என்று பேசப்பட்டது. அக்கால அரங்குகளில் இடைவேளையின்போது உள்ளூர்க் கடைகளின் பெயர்களைக் கண்ணாடி வில்லைகளில் எழுதித் திரையில் காட்டுவர். பார்க்க விரும்புவோர் பார்த்தனர். விரும்பாதோர் முறுக்கும் தேநீரும் வாங்க வெளியே சென்றனர். இன்றோ படம் தொடங்கும் என அறிவிக்கப்பட்ட நேரத்திற்குப் பின்னரும் இருட்டிய அரங்கில் விளம்பரங்கள் தொடர்கின்றன. பெங்களூரில் ஒருவர், தம்முடைய நேரத்தில் 25 நிமிடங்கள் இவ்வாறு வீணாயின என்று வழக்குத் தொடுத்தார். 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் அவருக்குச் சார்பாக ஆணையிட்டது. அவ்வாணைக்குக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே இடைக்காலத் தடை விதித்தது. சட்டத்தின் முடிவு எதுவாயினும், கட்டணம் செலுத்தியவரின் நேரத்தை மற்றொருவர்க்கு விற்கலாமா என்னும் வினா நீதிமன்றத்தின் வாயிலை எட்டிவிட்டது.

தொலைக்காட்சியில் விளம்பரம் 1976 சனவரி 1 முதல் தூர்தர்ஷனில் இடம்பெறலாயிற்று. கொடைக்கானல் மலைமீது நிறுவப்பட்ட கோபுரத்தின் வழியாக மதுரைப் பகுதிக்குப் படக்காட்சி வந்துசேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு தெருவிற்கு ஓரிரு பெட்டிகளே இருந்தன. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு விளம்பரமும் ஒரு காட்சியே. தனியார் அலைவரிசைகள் பெருகியபின் தொலையியக்கி வீட்டிலுள்ளோரின் கைக்கு வந்தது. இக்கருவி பிறந்த வரலாறே சுவையானது. அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட கம்பியில்லாத் தொலையியக்கிக்கு, சலிப்பூட்டும் விளம்பரங்களின் ஒலியை இருந்த இடத்திலிருந்தே அடக்கலாம் என்பதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தனர். விளம்பரத்தை ஒழிக்கும் கருவிக்கும் விளம்பரம் வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடங்களுக்கு மிகக்கூடாது என்கின்றன; அதில் வணிக விளம்பரத்திற்கு 10 நிமிடங்கள், அலைவரிசை தன்னைப் பற்றிச் செய்துகொள்ளும் அறிவிப்புகளுக்கு 2 நிமிடங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் ஓடும் தொடரைக் கடிகாரத்தோடு அமர்ந்து பாருங்கள். கதையின் உச்சத்தில் வெட்டிவிட்டு வரும் விளம்பரம்தான் மிகுந்த எரிச்சலைத் தருகிறது என்பதையும் அப்போது உணர்வீர்கள். அங்கே தடுக்கப்படுவது வேலையன்று, மனத்தின் ஓட்டம்.

கைப்பேசி என்னும் வாயில்

கைப்பேசி மற்ற ஊடகங்களினின்றும் வேறுபட்டது. நாளிதழும் தொலைக்காட்சியும் வீட்டின் கூடத்தில் இருப்பவை. கைப்பேசி சட்டைப்பையில் இருப்பது. உறவினரின் குரலும் மருத்துவமனையின் செய்தியும் வங்கியின் எச்சரிக்கையும் அவ்வழியே வருகின்றன. அலங்காநல்லூர்ப் பக்கத்து வயலில் நாற்று நடுபவர், சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுக்கும் அழைப்பு, கடன் வேண்டுமா என்று வினவும் பதிவுசெய்யப்பட்ட குரலாக இருந்தால் அவருக்கு எழும் சினம் இயல்பானதே. இத்தகைய அழைப்புகளை விரும்பாதோர்க்கான தேசியப் பதிவேடு 2007-இல் ஏற்படுத்தப்பட்டது. இன்று 1909 என்னும் எண்ணின் வழியாக நம் விருப்பமின்மையைப் பதிவுசெய்யலாம். மீறி வரும் அழைப்பின்மீது முறையீடும் செய்யலாம்.

இவ்வகை விளம்பரத்தால் விளையும் கேடு எரிச்சலோடு முடிவதில்லை. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையே எடுப்பதில்லை என்று பலர் முடிவுசெய்துவிட்டனர். அதனால் உண்மையான தேவைக்காக அழைப்பவரின் குரலும் அவர்களை எட்டுவதில்லை. விளம்பரம் தன்மீதுள்ள நம்பிக்கையை இழந்ததோடு நில்லாமல், தான் பயன்படுத்திய வாயிலின் நம்பிக்கையையும் அழித்துவிட்டது.

இணையத்திலும் இதுவே நிகழ்ந்தது. இணையப் பக்கத்தில் பட்டை வடிவ விளம்பரம் 1994 அக்டோபரில் முதன்முதல் இடம்பெற்றது. நான்கே ஆண்டுகளில், 1998-இல், பென்வே, லேன் என்னும் ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டறிந்தனர். தாங்கள் தேடும் செய்தியே பெரிய, வண்ணமிகு பட்டைக்குள் இருந்தும் பலர் அதனைக் காணவில்லை! விளம்பரம்போல் தோன்றும் எதனையும் கண் தானே தாண்டிச் செல்லப் பழகிவிட்டது. இந்நிலைக்குப் ‘பட்டைக் குருடு’ என்று பெயரிட்டனர். எடுப்பாகக் காட்டினால் பார்ப்பார்கள் என்னும் பழைய நம்பிக்கை இங்கே தலைகீழாயிற்று.

யூடியூப் காணொளிகளின் முன்னே வரும் சில விளம்பரங்களை ஐந்து நொடிகளுக்குப்பின் தாண்டிச் செல்லலாம் என்பது நீங்கள் நன்கு அறிந்ததே. அந்த ஐந்து நொடிகளில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? விளம்பரத்தையா, தாண்டுவதற்கான பொத்தான் தோன்றும் மூலையையா?

தெரிந்து தெளிவோம்

செய்தி பெருகுமிடத்தில் பஞ்சப்படுவது எது? செய்தி, தன்னைப் பெறுவோரின் கவனத்தை உண்கிறது. ஆகவே செய்தி பெருகப் பெருகக் கவனம் அரிதாகிறது என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-இல் எடுத்துரைத்தார். 1978-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். இணையமும் கைப்பேசியும் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சொல்லப்பட்ட இக்கருத்தே, மனிதரின் கவனத்தை ஒரு பொருளாகக் கருதும் இன்றைய பொருளியல் சிந்தனைக்கு அடிப்படையாயிற்று.

விலக இயலாத வீதி

இதுவரை கண்ட ஊடகங்கள் எல்லாவற்றிலும் விலகுவதற்கு ஏதேனும் ஒரு வழி இருந்தது. பக்கத்தைப் புரட்டலாம், பெட்டியை அணைக்கலாம், அழைப்பைத் துண்டிக்கலாம். வீதியில் அவ்வழி இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்பவர், வழியிலுள்ள பதாகையை அணைத்துவிட்டு நடக்க இயலாது.

மதுரை சுவரொட்டிகளுக்கும் பதாகைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திருமணம், பிறந்தநாள், நினைவஞ்சலி, அரசியல் தலைவரின் வருகை, நடிகரின் புதுப்படம் என எதற்கும் பதாகை உண்டு. இதனை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. நாளிதழில் இடம்பெற வாய்ப்பில்லாத எளிய குடும்பமும் தன் மகிழ்ச்சியை ஊரறியச் செய்ய விரும்புகிறது. தாய்மாமனின் சீரைப் பலரறியக் காட்டுவதில் அதற்கொரு பெருமிதம் உண்டு. முன்பு ஓவியர்கள் நாள்கணக்கில் கையால் வரைந்த பதாகைக்குச் செலவு மிகுதி. ஆகவே எண்ணிக்கை குறைவு. கணினி அச்சில் ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்தபின் சில மணி நேரத்தில், குறைந்த செலவில் எத்தனை வேண்டுமாயினும் அச்சிட முடிந்தது. ஓவியர்கள் தொழிலை இழந்தனர். சாலைச் சந்திப்புகள் வானத்தை இழந்தன.

பெருகியபின் நேர்ந்தது என்ன? இணையத்தில் கண்ட குருட்டுநிலை இங்கும் வந்தது. கோரிப்பாளையச் சந்திப்பில் பத்துப் பதாகைகள் நிற்குமாயின் பதினோராவது பதாகையை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கச் செய்வதற்காக அதனை மேலும் பெரிதாக்குகின்றனர். சாலையின் நடுவிலுள்ள தடுப்புக்குக் கொண்டுவருகின்றனர். ஊர்ப்பெயர் காட்டும் பலகையும் வளைவை எச்சரிக்கும் குறியீடும் அதன்பின்னே மறைகின்றன. கலக்கத்தை நீக்கக் கொடியெடுத்த வீதிகளில் பதாகையே கலக்கமாகி நிற்கிறது.

இதன் முடிவு சில நேரங்களில் உயிரிழப்பாகவும் அமைந்துவிடுகிறது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், இருசக்கர ஊர்தியில் சென்ற 23 வயது மென்பொறியாளர்மீது, திருமண விழாவிற்காகச் சாலை நடுவே உரிமமின்றி வைக்கப்பட்டிருந்த பதாகை சரிந்து விழுந்தது. நிலைகுலைந்து வீழ்ந்த அப்பெண்மீது பின்னே வந்த தண்ணீர் லாரி ஏறியதில் அவர் உயிரிழந்தார். சென்னை உயர்நீதிமன்றம் அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அவர் அந்தப் பதாகையைப் படித்திருக்கமாட்டார். அதில் யாருடைய படம் இருந்தது என்பதும் அவருக்குத் தொடர்பற்றது. தவிர்க்க விரும்பியவரும் தவிர்க்க இயலாத ஒரு விளம்பரம் அது.

சட்டம் இல்லாமலில்லை. திறந்தவெளிகளை உருக்குலைப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. உள்ளாட்சி அமைப்பின் உரிமமின்றி விளம்பரப் பலகை வைத்தல் குற்றம். 2004-இல் தொடங்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலும் பதாகைகள் தொடர்பான வழக்குகள் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. ஒலிக்கும் எல்லை உண்டு: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதற்குத் தடை விதிக்கின்றன. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரம். 2007 முதல் அந்நகரம் வெளிப்புற விளம்பரப் பலகைகளை முற்றிலும் விலக்கிவிட்டது. பலகைகள் நீங்கியபோது, அவற்றின் பின்னே மறைந்திருந்த பழைய கட்டடங்களை மக்கள் புதிதாகக் கண்டனர் என்பர். மாசி வீதிகளின் பழைய வீட்டு முகப்புகளையும் மாடங்களையும் ஒருநாள் அண்ணாந்து பார்ப்போர்க்கு இச்செய்தியின் அருமை புரியும்.

விலகலின் விலை

இதனால் விளம்பரமே தீது என்று கொள்ளலாமா? இப்பாடம் அவ்வாறு கருதவில்லை. நாளிதழை அச்சிட ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு நாம் அதனை வாங்குகிறோம்; எஞ்சிய தொகையை விளம்பரதாரர் தருகிறார். இணையத்தில் நாம் கட்டணமின்றிப் பெறும் பாடங்களும் பாடல்களும் இவ்வாறே கிடைக்கின்றன. அனைவரும் விளம்பரத்தைத் தவிர்த்தால் இவற்றின் செலவை யார் ஏற்பது?

இதற்கு மகாத்மா காந்தி கண்ட விடை தனித்தன்மையுடையது. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அரையாடைக்கு மாறிய அவர், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தம் இதழிலிருந்து விளம்பரங்களைக் களைந்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் 1903-இல் தொடங்கப்பெற்று, தமிழ்ப் பகுதியுடனும் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ முதலில் விளம்பரங்களை ஏற்றது. பின்னர் அவற்றை நிறுத்தியது. இதழின் செலவைச் சந்தா செலுத்தும் வாசகர்களே ஏற்கும்போது அது அவர்களுடைய இதழாகிறது என்பது காந்தியின் எண்ணம்.

இன்றும் விளம்பரமில்லாச் சேவைகள் உள்ளன. மாதக் கட்டணம் செலுத்துவோர் பாடலையும் படத்தையும் இடையூறின்றிப் பெறுகின்றனர். செலுத்த இயலாதோர் விளம்பரங்களோடு பெறுகின்றனர். அமைதி விலைக்குரிய பொருளாகிவிட்டது. ஒரே பாடக் காணொளியை இரு மாணவர்கள் காண்கின்றனர். ஒருவருடைய கருத்து இடையறாமல் ஓடுகிறது, மற்றவருடையது மூன்று முறை வெட்டப்படுகிறது. மின்கட்டணத்தையும் பேருந்துச் சலுகையையும் பற்றிப் பேசும் நாம் இவ்வேறுபாட்டைப் பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை.

மக்கள் விலக விலக, விளம்பரமும் வேடம் மாற்றுகிறது. செய்தியின் வடிவில் வருகிறது. திரைப்பட நாயகன் குடிக்கும் பானமாக வருகிறது. நமக்குப் பிடித்த ஒருவர் சமூக ஊடகத்தில் நட்போடு பரிந்துரைக்கும் பொருளாக வருகிறது. ஃபிளெக்ஸ் பதாகையைவிட இது கவனிக்கத்தக்கது. ஏனெனில், விளம்பரம் என்று அறிந்தால்தானே விலக முடியும்? பணம் பெற்றுச் செய்யும் பரிந்துரையை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்னும் நெறிமுறைகளை இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் வகுத்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறான எண்ணம் தரும் விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. எனினும், ‘இது யாருடைய சொல்? இதற்கு யார் பணம் தந்தார்?’ என்னும் இரு வினாக்களைச் சட்டம் நமக்காக ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிராது. அவற்றைப் படிப்பவரும் பார்ப்பவருமே கேட்க வேண்டியிருக்கிறது.

கற்பவை கற்றபின்…

வீட்டிலிருந்து பள்ளிவரை நீங்கள் செல்லும் வழியில் உள்ள விளம்பரப் பதாகைகளையும் சுவரொட்டிகளையும் ஒருநாள் எண்ணிக் குறித்துக்கொள்க. அவற்றுள் நீங்கள் முன்னரே கவனித்திருந்தவை எத்தனை? கவனிக்காதவை எத்தனை? போக்குவரத்துக் குறியீட்டை மறைப்பன உள்ளனவா? உங்கள் பகுதி உள்ளாட்சி அமைப்பின் அலுவலர்க்கு அதுகுறித்து ஒரு விண்ணப்பம் வரைக.

உங்கள் வீட்டிலுள்ள முதியோர் ஒருவரிடம், அவர் இளமையில் வானொலியில் கேட்ட விளம்பரங்களுள் இன்றும் நினைவிலிருப்பவற்றைச் சொல்லச் செய்து எழுதுக. நேற்று நீங்கள் கைப்பேசியில் கண்ட விளம்பரங்களுள் நினைவிலிருப்பவற்றை அதன் எதிரே எழுதி, வகுப்பில் கலந்துரையாடுக.